நீலச் சட்டையோடு ஏழு ஆட்டங்கள்

ஜூன் 8, 2024, சனி. சன்ரைஸ், ஃப்ளோரிடா

நேற்று மாலை விமான நிலையத்தின் கதவு விலகியதும், இட்லிக் குண்டானின் மூடியைத் திறந்தது போல முகத்தில் ஆவி அடித்தது. விடியற்காலையில் எட்மண்டனில் ஸ்வெட்டரோடு கிளம்பியவன் நான். வாடகைக் காருக்கு நடப்பதற்குள் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது.

எங்கள் ஊரின் ஐஸ் ஹாக்கி அணியான எட்மண்டன் ஆய்லர்ஸ், பதினெட்டு ஆண்டுகள் கழித்து ஸ்டான்லி கோப்பையின் இறுதிச் சுற்றுக்கு வந்திருக்கிறது. எதிரணி ஃப்ளோரிடா பாந்தர்ஸ். ஏழு ஆட்டங்களில் நான்கை முதலில் வெல்பவருக்குக் கோப்பை. கடைசியாக 2006இல் வந்தோம். அந்த ஜூன் 19ஆம் தேதி ஏழாவது ஆட்டத்தில் கரோலினாவிடம் தோற்றோம். எனக்கு அது கனடாவில் முதல் வருடம். பக்கத்து வீட்டுப் பெரியவர்தான் அந்தக் குளிர்காலத்தில், இரவில் கார் எஞ்சின் உறைந்துவிடாமல் இருக்க அதை மின்சார இணைப்பில் செருகி வைக்கக் கற்றுக்கொடுத்தார். ஐஸ் ஹாக்கியையும் அவர்தான் கற்றுக்கொடுத்தார். உக்ரைனிலிருந்து வந்து குடியேறிய குடும்பத்தில் மூன்றாம் தலைமுறை. தோற்ற அன்று இரவு தன் நீல நிற ஆய்லர்ஸ் சட்டையைக் கழற்றி என்னிடம் நீட்டி, "இது என்னிடம் இருந்தது போதும், இனி உன் ராசியைப் பார்ப்போம்" என்றார்.

முதுகில் 31. எண்பதுகளில் எங்கள் கோலைக் காத்த கிராண்ட் ஃபியூரின் எண். இடது மணிக்கட்டு ஓரத்தில் உள்ளங்கையளவு பீட்ரூட் கறை. அவர் வீட்டுச் சூப்பு சிந்தியது. 1990இல் நாங்கள் ஐந்தாவது கோப்பையை வென்ற இரவில் விழுந்த கறை என்பதால் அதை எடுக்க அவர் முயலவே இல்லை. நானும் முயலவில்லை.

ஏப்ரல் 22ஆம் தேதி லாஸ் ஏஞ்சலிஸோடு முதல் சுற்று தொடங்கியதிலிருந்து சட்டையைத் துவைக்கவில்லை. வலது கையை முதலில் நுழைக்க வேண்டும். இடது ஷூவுக்குள் ஒரு டாலர் நாணயம். 2002 ஒலிம்பிக்கில் சால்ட் லேக் சிட்டியின் ஐஸ் தளத்தை அமைக்கப் போன எங்கள் ஊர்க்காரர் டிரென்ட் எவன்ஸ், மையப் புள்ளியில் ஐஸுக்கு அடியில் ஒரு டாலர் நாணயத்தைப் புதைத்தார். கனடாவின் பெண்கள் அணி தங்கம் வென்றது. ஆண்கள் அணியும் ஐம்பது ஆண்டுகள் கழித்துத் தங்கம் வென்றது. விளையாடுகிறவர்களுக்கும் இந்த நம்பிக்கை உண்டு. பிளே-ஆஃப் என்னும் கோப்பைக்கான வெளியேற்றச் சுற்றுகள் முடியும்வரை தாடியை மழிக்காத வழக்கம் எண்பதுகளின் தொடக்கத்தில் நியூயார்க் ஐலண்டர்ஸ் வீரர்களிடமிருந்து வந்தது. போன வாரம் டல்லாஸை வென்றதும் கொடுத்த மேற்குப் பிரிவுக் கோப்பையை எங்கள் கேப்டன் கானர் மெக்டேவிட் கையால் தொடவில்லை. பெரிய கோப்பைக்கு முன்னால் சின்னதைத் தொட்டால் ஆகாது.

எட்மண்டனில் உள்ளே நுழையக் கேட்ட விலைக்கு, இங்கே விமானக் கட்டணம் போகவும் ஒரு டிக்கெட் கிடைத்தது. கூரைக்குக் கீழே கடைசி வரிசை. எங்கள் ஆட்கள் அடித்த 32 பந்தையும், பந்து என்று பழக்கத்தில் எழுதுகிறேன், அந்தக் கறுப்பு ரப்பர் வட்டு 32 தடவை போனதையும், பாந்தர்ஸின் கோல்காப்பாளர் செர்கெய் பாப்ரோவ்ஸ்கி தடுத்துவிட்டார். 3-0.

முடிந்ததும் நாலா பக்கத்திலிருந்தும் பிளாஸ்டிக் எலிகள் ஐஸின் மேல் விழுந்தன. 1995இல் ஃப்ளோரிடா பாந்தர்ஸ் வீரர் ஸ்காட் மெலன்பி, உடைமாற்றும் அறையில் ஓடிய எலியை மட்டையால் அடித்துக் கொன்றுவிட்டு, அதே மட்டையோடு போய் இரண்டு கோல் போட்டாராம். அன்றிலிருந்து இந்த வழக்கம். எனக்கு வயிற்றைப் பிசைந்தது. வீட்டில் என் மனைவி விளக்கேற்றி வைத்திருப்பது பிள்ளையாருக்கு. அவருடைய வாகனத்தை எதிரணி கை நிறைய அள்ளி வீசுகிறது.

ஜூன் 10, திங்கள். லாடர்ஹில்

இரண்டாவது டிக்கெட்டுக்கு மனம் வரவில்லை. சன்ரைஸுக்குப் பக்கத்து ஊரான லாடர்ஹில்லில் ஜமைக்கா மக்கள் நிறைய. ஒரு சின்ன உணவகத்தில் தொலைக்காட்சிக்கு நேரே இடம் கிடைத்தது. ஆட்டுக்கறிக் குழம்பும், பயறு போட்டு வேகவைத்த சோறும் 17 டாலர். மசாலா வாசனை மூக்கில் ஏறியதும் மூன்று நாளாகப் பிசைந்த வயிறு அடங்கியது. பரிமாறிய அம்மாள் நான் கையால் சாப்பிடுவதைப் பார்த்துவிட்டு, கேட்காமலே இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றினார்.

மத்தியாஸ் எக்ஹோல்ம் முதல் கோலைப் போட்டபோது நான் எழுந்து நின்றுவிட்டேன். அப்படி எழுந்திருக்கக் கூடாது. டல்லாஸ் சுற்று முழுக்க உட்கார்ந்தபடியேதான் பார்த்தேன். அதன் பிறகு நான்கும் அவர்களுக்கு. 4-1.

பில்லைக் கொண்டுவந்த அம்மாள் என் சட்டையைப் பார்த்து, "உங்கள் ஊர் எவ்வளவு தூரம்?" என்று கேட்டார். சொன்னேன். "அவ்வளவு தூரத்திலிருந்து வந்தவரை வெறும் கையோடு அனுப்ப மாட்டேன்" என்று இஞ்சி போட்ட கேக் ஒன்றைக் காகிதத்தில் சுற்றிக் கொடுத்தார். காசு வாங்கவில்லை.

ஜூன் 11, செவ்வாய். லாடர்ஹில்

இரவு இங்குள்ள மைதானத்தில் இருபது ஓவர் உலகக் கோப்பை. இலங்கைக்கும் நேபாளத்துக்கும் ஆட்டம். ஹாக்கிக்கு வந்த இடத்தில் கிரிக்கெட் கிடைக்கிறதே என்று போனேன். மழை விடவே இல்லை. டாஸ் கூடப் போடாமல் கைவிட்டார்கள். எனக்கு முன்னால் நின்ற நேபாளத்துப் பையன்கள் நால்வர் கொடியை நால்வர் தலைக்கும் கூடாரமாகப் பிடித்திருந்தார்கள். என்னைப் பார்த்ததும் ஒருவன் நகர்ந்து, ஐந்தாவது ஆளுக்கு இடம் விட்டான்.

ஜூன் 12, புதன். விமான நிலையத்தில் ஓர் இரவு

பயணக் கதையெல்லாம் எழுதக் கூடாது என்றுதான் இருந்தேன். ஆனால் இன்றைக்கு வேறெதுவும் நடக்கவில்லை. விடிந்ததிலிருந்து கொட்டிய மழையில் தெருக்கள் வாய்க்காலாகிவிட்டன. கார்கள் கதவு வரை மூழ்கிக் கிடந்தன. ஆளுநர் நெருக்கடி நிலையை அறிவித்தார். வாடகைக் காரைத் திருப்பிக் கொடுக்க முழங்கால் தண்ணீரில் இறங்க வேண்டியதாயிற்று. ஷூவைக் கழற்றித் தலைக்கு மேல் பிடித்தபோது நாணயம் நழுவித் தண்ணீருக்குள் போய்விட்டது. குனிந்து துழாவினேன். கிடைக்கவில்லை.

பாந்தர்ஸ் அணியின் விமானமும் மழையால் பல மணி நேரம் கிளம்பவில்லை என்று செய்தி வந்தது. நாங்களும் அவர்களும் ஒரே மழைக்கு அடியில் காத்திருந்தோம். எனக்கு விமானம் கிடைத்தபோது நள்ளிரவு. தரையில் படுத்திருந்த நேரத்தில், எதிரே இருந்த கியூபா நாட்டு மூதாட்டி தன் சால்வையை நான்காக மடித்துத் தலைக்கு வைத்துக்கொள்ளும்படி தந்தார். பேச எங்களுக்குள் ஒரு பொது மொழி இல்லை.

ஜூன் 13, வியாழன். எட்மண்டன்

இறங்கியதும் வீட்டுக்குப் போய்க் குளித்துவிட்டு நேரே மைதானம். உள்ளே அல்ல. வாசலில் பெரிய திரை வைத்த திறந்தவெளிக்கு. டவுன் சிண்ட்ரோமோடு பிறந்து, எண்பதுகளிலிருந்து ஆய்லர்ஸின் உடைமாற்றும் அறையில் வேலை பார்த்து, ஊரே தன் பிள்ளையாகக் கொண்டாடி, 2020இல் மறைந்த ஜோயி மாஸின் பெயரை அந்த இடத்துக்கு வைத்திருக்கிறார்கள். தேசிய கீதத்தை அவர் தொண்டை கிழியப் பாடுவதைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள்.

ஆட்டம் மாலை ஆறு மணிக்கு. இங்கே ஜூனில் பத்து மணிக்குத்தான் சூரியன் மறைகிறது. கண்ணைக் கூசும் வெயிலில் நின்று ஐஸ் ஆட்டத்தைப் பார்ப்பது எட்மண்டன்காரர்களுக்குப் பழகிப்போன ஒன்று. பச்சை வெங்காய ரொட்டி ஒன்று 8 டாலர். மொறுமொறுவென்று நன்றாக இருந்தது. ஆனால் இரண்டாவது பகுதியில் ஆறரை நிமிடத்துக்குள் மூன்று கோல் வாங்கிய பிறகு பாதி ரொட்டி கையிலேயே ஆறிப்போனது. கடைசியில் 4-3 வரை பிடித்தோம். போதவில்லை.

மூன்று ஆட்டம், மூன்று தோல்வி. மூன்றிலும் அந்தச் சட்டை என் உடம்பில் இருந்தது.

இரவு பெரியவரின் வீட்டு வாசற்படியில் உட்கார்ந்தோம். அவருக்கு 84 வயது. "1942" என்றார். இறுதிச் சுற்றில் முதல் மூன்றையும் தோற்றுவிட்டு அடுத்த நான்கையும் வென்ற அணி வரலாற்றில் ஒன்றே ஒன்று. அந்த ஆண்டு டெட்ராய்ட்டுக்கு எதிராக டொராண்டோ. "நான் அப்போது இரண்டு வயதுக் குழந்தை. அப்பா வானொலியில் கேட்டாராம். ஒரு தடவை நடந்திருக்கிறது என்றால் நடக்கக்கூடியதுதான்."

ஜூன் 15, சனி. ஆற்றோரம்

சட்டையை மனைவி வாங்கி மடித்துப் பிள்ளையார் படத்துக்குக் கீழே வைத்தாள். "மூன்று நாள் நீங்கள் சுமந்தது போதும். இனி அவர் பார்த்துக்கொள்ளட்டும்" என்றாள். அவளுக்கு ஹாக்கியில் பெரிய ஈடுபாடு கிடையாது. ஆனால் நம்பிக்கை என்றால் என்ன என்பது அவளுக்குத் தெரியும்.

நான் தொலைபேசியை அணைத்துவிட்டு வடக்கு சஸ்காட்சுவன் ஆற்றுப் பள்ளத்தாக்கில் இறங்கி நடந்தேன். ஆறு கலங்கிப் பழுப்பாக ஓடியது. பாப்லர் மரங்களின் பஞ்சு காற்றில் பறந்து பாதை ஓரமெல்லாம் வெள்ளையாகச் சேர்ந்திருந்தது. ஊரில் ஆள் நடமாட்டமே இல்லை. ஆட்டம் தொடங்கிச் சில நிமிடம்தான் ஆகியிருக்கும், பள்ளத்தாக்கின் மேட்டிலிருந்து கார் ஹாரன் ஒன்று. பிறகு பத்து. பிறகு எண்ண முடியவில்லை. கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும். நான் ஒரு பெஞ்சில் உட்கார்ந்தேன். எழுந்திருக்கப் பயமாக இருந்தது.

நாயோடு வந்த ஒரு பெண் காதில் வானொலி வைத்திருந்தார். என் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டு நின்றார். "எட்டு" என்றார்.

"அவர்களா?"

"நாம்!"

8-1. பாப்ரோவ்ஸ்கியை நடுவிலேயே வெளியே எடுத்துவிட்டார்கள். ஒரே பிளே-ஆஃபில் அதிக அசிஸ்ட், அதாவது கோலுக்கு வழிசெய்யும் பாஸ், என்று வேய்ன் கிரெட்ஸ்கி 1988இல் வைத்த 31 என்ற சாதனையை மெக்டேவிட் இன்று தாண்டினார். நான் எதையும் பார்க்கவில்லை. அந்தப் பெண்ணின் நாய் என் ஷூவை முகர்ந்துகொண்டிருந்தது. இனி எதையும் மாற்றக் கூடாது என்று மட்டும் முடிவு செய்துகொண்டேன்.

ஜூன் 18, செவ்வாய். அதே பெஞ்ச்

அதே ஷூ, அதே பாதை, அதே நேரம். ஆட்டம் ஃப்ளோரிடாவில். 5-3. மெக்டேவிட்டுக்கு இரண்டு கோல், இரண்டு அசிஸ்ட். இறுதிச் சுற்றில் அடுத்தடுத்த இரண்டு ஆட்டங்களில் கோலும் அசிஸ்டும் சேர்த்து நான்கு நான்கு புள்ளி எடுத்தவர் இதற்கு முன் யாரும் இல்லை. நாயோடு அந்தப் பெண்ணும் அதே நேரத்துக்கு வந்தார். அவரும் எதையும் மாற்றவில்லை என்று நினைக்கிறேன். வானொலியை நீட்டினார். நான் வேண்டாம் என்று தலையசைத்தேன். அவருக்கு அது புரிந்தது.

ஜூன் 21, வெள்ளி. அதே பெஞ்ச்

5-1. மூன்று-மூன்று. 1945இல் டெட்ராய்ட்டுக்குப் பிறகு, முதல் மூன்றையும் இழந்து ஏழாவது ஆட்டம் வரை இழுத்த அணி இறுதிச் சுற்றில் இதுதான். மேட்டுக்கு ஏறி வந்தபோது தெருவெல்லாம் ஆரஞ்சும் நீலமும். முன்பின் தெரியாத ஒரு சீக்கியப் பெரியவர் என்னைக் கட்டிப் பிடித்துத் தூக்கிவிட்டார். ரொட்டிக்குள் கறி சுருட்டிய டோனேர் விற்கும் கடையில் வரிசை மூலை திரும்பி நின்றது. இனிப்புச் சாறு வழியும் அந்த ரொட்டியை மூன்று பேர் பகிர்ந்து சாப்பிட்டோம். மற்ற இருவரின் பெயரும் தெரியாது.

வீட்டு வாசலில் பெரியவர் ஓர் உறையோடு காத்திருந்தார். உள்ளே 600 டாலர். "2006இல் ஏழாவது ஆட்டத்தை இந்த வீட்டில் உட்கார்ந்து பார்த்தோம். இந்தத் தடவை நம் இருவரில் ஒருவராவது அங்கே இருக்க வேண்டும். எனக்கு முடியாது."

இரவு முழுக்கத் தூங்கவில்லை. பெஞ்சை விட்டுப் போனால் மூன்று வெற்றியின் கட்டு அவிழுமோ என்று பயம். அவர் பேச்சைத் தட்டினால் அதுவே பெரிய பாவம். சட்டை பிள்ளையாரிடமே இருக்கட்டும், நான் போகிறேன், ஆனால் உள்ளே நுழைய மாட்டேன், திரையையும் பார்க்க மாட்டேன் என்று விடியும்போது தீர்மானித்தேன்.

ஜூன் 24, திங்கள். சன்ரைஸ்

மைதானத்துக்கு எதிரே பிரம்மாண்டமான கடைத்தொகுதி. மறுபக்கம் நெடுஞ்சாலை. அதற்கு அப்பால் எவர்கிளேட்ஸ் சதுப்பு நிலம். ஆட்டம் தொடங்கும்போது சூரியன் அந்தப் பக்கமாக இறங்கிக்கொண்டிருந்தது. எட்மண்டனில் இந்த நேரத்துக்கு நல்ல வெளிச்சமாக இருந்திருக்கும்.

வண்டிகள் நிறுத்தும் இடத்தின் ஓரமாக, மைதானத்தை வலப்பக்கம் வைத்துப் பிரதட்சிணமாக நடந்தேன். ஒரு சுற்றுக்கு இருபது நிமிடம். ஏழாவது ஆட்டம் என்பதால் ஏழு சுற்று. எட்மண்டனில் இரைச்சல் வந்தால் நல்ல செய்தி. இங்கே இரைச்சல் வந்தால் கெட்ட செய்தி, மௌனம்தான் நமக்கு வேண்டியது. காது அதைப் பழகச் சற்று நேரம் பிடித்தது. முதல் சுற்றிலேயே சுவர் அதிரும் சத்தம். பாந்தர்ஸின் கார்ட்டர் வெர்ஹேகி போட்ட கோல். அடுத்த சில நிமிடத்தில் தாளமும் கூச்சலும் வெட்டினாற்போல் நின்றன. உள்ளே எங்கேயோ கொஞ்சம் பேர் மட்டும் கத்தினார்கள். அந்த மௌனத்தை என் வாழ்நாளில் மறக்க மாட்டேன். எங்கள் மத்தியாஸ் ஜான்மார்க் போட்ட கோல் என்று பிறகு தெரிந்துகொண்டேன். 1-1.

நான்காவது சுற்றில் மறுபடியும் சுவர் அதிர்ந்தது. பாந்தர்ஸின் சாம் ரைன்ஹார்ட்.

ஐந்து. ஆறு. கொசு பிடுங்கியது. சட்டையைப் பிழிந்தால் ஒரு டம்ளர் வியர்வை வரும். பாதுகாவலர் ஒருவர் என்னை ஆறு தடவை பார்த்துவிட்டு, ஆறாவது தடவை தண்ணீர் பாட்டில் கொடுத்தார். ஏழாவது சுற்றின் நடுவில் தடுப்பைப் போட்டுவிட்டார்கள். கூட்டம் வெளியே வரும் நேரம், இந்த வழியில் யாரும் போகக் கூடாது என்றார் அதே பாதுகாவலர், மரியாதையாக. பாதியிலேயே நின்றேன். கை கூப்பியபடி அங்கேயே நின்றேன்.

எழுந்த சத்தம் அடங்கவே இல்லை. 2-1.

தோற்ற அணியில் இருந்தும் சிறந்த ஆட்டக்காரருக்கான கான் ஸ்மைத் விருது மெக்டேவிட்டுக்கே போனது. கோல்காப்பாளர் அல்லாத ஒருவருக்கு அப்படிக் கிடைப்பது 1976இல் ரெஜி லீச்சுக்குப் பிறகு இப்போதுதான். அதை வாங்க அவர் ஐஸுக்கு வரவில்லை. ஓட்டல் அறையில் இந்தச் செய்தியைப் படித்தபோதுதான் எனக்கு அழுகை வந்தது.

அதற்கு முன்னால் ஒன்று நடந்தது. தடுப்புக்கு அருகில் நின்றிருந்த என்னிடம், அப்பாவின் தோளில் உட்கார்ந்து வந்த சிறுமி ஒருத்தி கையை நீட்டினாள். ஒரு பிளாஸ்டிக் எலி. என் உடையில் ஆய்லர்ஸ் அடையாளம் எதுவும் இல்லை. முகத்தில் இருந்திருக்கலாம். "இவளுக்கு நீங்கள் வருத்தமாக இருப்பதாகத் தோன்றியதாம்" என்றார் அப்பா. வாங்கிக்கொண்டேன். விரல் நீளம்தான். சாம்பல் நிறம். வால் நுனி வளைந்திருந்தது. ஒரு காதில் அச்சின் பிசிறு வெட்டாமல் நீட்டிக்கொண்டிருந்தது. அவள் உள்ளங்கைச் சூடு அதில் இன்னும் இருந்தது.

ஜூன் 26, புதன். எட்மண்டன்

பையிலிருந்து எலியை எடுத்து மனைவியிடம் கொடுத்தேன். எதுவும் கேட்காமல் பிள்ளையாரின் காலடியில், மடித்த சட்டைக்குப் பக்கத்தில் வைத்தாள். திரியைத் தூண்டிவிட்டாள்.

பெரியவர் மாலையில் வந்தார். மிச்சமிருந்த 140 டாலரை உறையோடு கொடுத்தேன், வாங்கிக்கொண்டார். ஏழாவது சுற்று பாதியில் நின்றதை அவரிடம் மட்டும் சொன்னேன். வெகு நேரம் யோசித்தார்.

"மீதிப் பாதியை எப்போது நடப்பாய்?"

"அடுத்த தடவை. அங்கேயே."

"அப்படியென்றால் அந்த இடத்தை ஞாபகம் வைத்துக்கொள்" என்றார். பிறகு சட்டையைக் காட்டி, "இதைத் துவைத்துவிடு. அக்டோபரில் மறுபடி ஆட்டம் தொடங்குகிறது."

தொட்டியில் குளிர்ந்த நீர் பிடித்து, கையாலேயே கசக்கினேன். இரண்டு மாத வியர்வையும் ஃப்ளோரிடா மழையும் சேர்ந்து தண்ணீர் சேறாக இறங்கியது. மூன்று தடவை மாற்றினேன். நாலாவது தண்ணீர் தெளிந்தது. இடது மணிக்கட்டை மட்டும் தொடாமல், கறை நனையாதபடி வெளியே பிடித்துக்கொண்டு அலசினேன்.